பரவாயில்லை

ஓட்டலில் மசால் தோசை கேட்கிறீர்கள். சர்வர் ஊத்தப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் பறந்துவிடுகிறார். என்ன செய்வீர்கள்?

'கூப்பிட்டு மாற்றச் சொல்வேன்' என்கிறவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். 'பரவாயில்லை, ஊத்தப்பமும் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சாப்பிட்டுவிட்டு, சர்வருக்கு டிப்ஸும் வைத்துவிட்டு, ராத்திரி மசால் தோசையை நினைத்துக்கொண்டே தூங்குகிறவரா நீங்கள்? வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களோடு எனக்கு நிறையப் பேச இருக்கிறது.

நம்மை மாதிரி ஆட்களுக்குத் தமிழில் வாயில்லாப் பூச்சி என்று பெயர். பிள்ளைப்பூச்சி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் பூச்சி பொது. மிதித்தாலும் சத்தம் வராது என்று அர்த்தம்.

25 வயது வரை நான் அக்மார்க் வாயில்லாப் பூச்சி. சந்தேகமிருந்தால் சான்றுகள் தருகிறேன்.

சான்று ஒன்று: எங்கள் வீடு மயிலாப்பூரில், மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பங்குனி மாதம் அறுபத்து மூவர் திருவிழாவுக்கு ஊர் முழுக்க எங்கள் தெருவுக்கு வரும். நான் காலையிலேயே போய் முன்வரிசையில் இடம்பிடிப்பேன். ஒரு பாட்டி வருவாள், ஒரு குழந்தை வரும், குழந்தையோடு அதன் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் வருவார்கள். 'பரவாயில்லை, நில்லுங்கோ' என்று நகர்ந்து நகர்ந்து கடைசியில் வளையல் கடைக்குப் பின்னால் போய்விடுவேன். அத்தனை வருஷத்தில் நான் அறுபத்து மூவரை முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் முதுகுகள்.

சான்று இரண்டு: தி.நகர் ரங்கநாதன் தெருவில் சுடிதார் எடுக்கப் போனேன். கடைப் பையன் முப்பது செட் பிரித்துப் போட்டுவிட்டான். ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் நெற்றியில் வேர்வையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கிளிப்பச்சையில் ஒன்றை வாங்கிக்கொண்டு 12பி பஸ்ஸில் ஏறினேன். அந்த நம்பரையே பெயராக வைத்து 2001-இல் ஒரு காதல் படம்கூட வந்தது. பஸ்ஸைப் பிடித்தால் கதாநாயகனுக்கு ஒரு வாழ்க்கை, விட்டால் இன்னொரு வாழ்க்கை. எனக்கு 12பி-யில் வாழ்க்கை எல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்த சீட்டையும் தேனாம்பேட்டையில் ஏறிய ஒருவருக்குக் கொடுத்துவிட்டு லஸ் வரை கிளியை மடியில்கூட வைக்க முடியாமல் நின்றுகொண்டே வந்தேன்.

சான்று மூன்று: அடையாறில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. என் பக்கத்து சீட்காரருக்கு நாலரை மணிக்குத் தலைவலி வரும். தினமும். 'ஒரு சின்ன ஹெல்ப்' என்று அவர் வைத்துவிட்டுப் போகிற ஃபைலை முடித்துவிட்டு நான் கிளம்பும்போது எட்டரை ஆகிவிடும்.

இதையெல்லாம் பார்த்து என் அம்மாவுக்குக் கவலை இல்லை. பெருமை!

"எங்காத்துப் பொண்ணு அதிர்ந்து பேச மாட்டா மாமி. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணைப் பார்க்க முடியாது" என்று எதிர்வீட்டு மாமியிடம் சொல்வாள். கல்யாண மார்க்கெட்டில் அது ஒரு தகுதி. படிப்பு, நிறம், பாட்டு, வாய் இல்லாமை.

2003 ஏப்ரல் மாதம். என்னைப் பெண் பார்க்க மூன்றாவது கோஷ்டி வந்தது. முதல் இரண்டு கோஷ்டியும் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அதில் ஒரு கோஷ்டிக்கு ஊர் மந்தைவெளி. நடந்து போனால் பத்து நிமிஷம். அங்கிருந்து எதற்கு லெட்டர் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்க மாட்டார்கள். ஏனென்றால் அது லெட்டர் இல்லை. 'வேண்டாம்' என்பதைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுக்கிற வித்தை. பிள்ளை வீட்டார் வாய் நோகாமல், யார் மனசும் நோகாமல், கௌரவமாக 'வேண்டாம்' சொல்வதற்கு நம் முன்னோர் ஒரு வாக்கியத்தையே தயாரித்து வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்கு அப்படி ஒரு வாக்கியம் உண்டா? யோசித்துப் பாருங்கள். நான் 20 வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். கிடைக்கவில்லை.

மூன்றாவது கோஷ்டியின் பிள்ளை கிண்டி தொழிற்பேட்டையில் இன்ஜினீயர். பஜ்ஜியைத் தொடவில்லை. "பொண்ணோட அஞ்சு நிமிஷம் தனியா பேசலாமா?" என்று நேரடியாக அப்பாவிடம் கேட்டார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஃபேன் தலையாட்டியது. மொட்டை மாடிக்குப் போனோம்.

மாடியில் அம்மா வடாம் காயப்போட்டிருந்தாள். ஒரு காக்காய் நிதானமாக இறங்கி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வடாத்தைச் சாப்பிட ஆரம்பித்தது. எனக்கு அதை 'உஷ்' என்று விரட்டக்கூட வாய் வரவில்லை. அவர்தான் விரட்டினார்.

"உங்களுக்கு எந்த மாதிரி சினிமா பிடிக்கும்?"

"எதுவானாலும் பரவாயில்லை."

"காபியா, டீயா?"

"நீங்க என்ன சாப்பிடறேளோ அதுவே."

"பீச் பிடிக்குமா, மலை பிடிக்குமா?"

"ரெண்டும் பரவாயில்லை."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"என்னைப் பிடிச்சிருக்கா?"

அந்தக் கேள்விக்காகத்தான் முதல் நாள் ராத்திரி முழுக்கப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், காக்காயை விரட்டினபோதே பிடித்துவிட்டது. ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே!

"பரவாயில்லை" என்றேன்.

சொன்ன அடுத்த விநாடி நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஏனோ முகம் வாடிவிட்டது. கீழே போனதும் அவர் அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "போய் லெட்டர் போடறோம்."

ஆறிப்போன பஜ்ஜியை நானும் தம்பியும் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸுக்கு போன் வந்தது. பயோடேட்டாவில் அப்பா கொடுத்திருந்த நம்பர். அவர்தான்.

"தப்பா நினைக்காதீங்கோ. நீங்க யார்கிட்டயாவது எதுக்காவது 'முடியாது'ன்னு சொல்லியிருக்கேளா?"

நான் பேசவில்லை.

"ஒண்ணு பண்ணுங்கோ. பத்து நாள் டைம். மூணு பேர்கிட்ட, மூணு விஷயத்துக்கு, 'முடியாது'ன்னு சொல்லிப் பாருங்கோ. அப்புறமா என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லுங்கோ. இல்லேன்னு சொன்னாலும் சந்தோஷம்தான்."

எனக்குள் எங்கிருந்து அது வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. நாலரை மணித் தலைவலிகளும், கிளிப்பச்சை சுடிதாரும், மந்தைவெளி லெட்டரும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

"முடியாது! பரீட்சை வைக்கறதுக்கு நீங்க யாரு? நான் என்ன ஸ்கூல் பொண்ணா?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. போனின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சின்ன சிரிப்பு.

"ஒண்ணு" என்றார்.

டொக்கென்று போனை வைத்தேன். கை நடுங்கியது. அந்த நேரம் பார்த்துத் தலைவலிக்காரர் ஃபைலோடு வந்து நின்றார். மணி நாலரை. "ஒரு சின்ன ஹெல்ப்..." என்று ஆரம்பித்தார். ஓடிக்கொண்டிருக்கிற பஸ் பிரேக் போட்டாலும் கொஞ்ச தூரம் போய்த்தானே நிற்கும்? "இன்னிக்கு முடியாது சார்" என்றேன். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. அடையாறு ஆலமரம் சாயவில்லை. (அதன் தாய்மரம் 1989 புயலிலேயே சாய்ந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.) அன்றைக்கு ஐந்தரை மணி வெயிலில் அடையாறு எப்படி இருக்கும் என்று முதல்முறையாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவதுதான் கஷ்டம். அந்த வாரக் கடைசியில் பெரியம்மா ஒரு ஜாதகத்தோடு வந்தாள். அமெரிக்கா மாப்பிள்ளை. லீவில் வருகிறான், பத்து நாளில் கல்யாணம், பதினைந்தாம் நாள் விமானம். எல்லாம் பேசியாகிவிட்டது. என்னிடம் மட்டும் பேசவில்லை. எப்படியும் 'பரவாயில்லை' என்றுதானே சொல்லப்போகிறேன்!

"எனக்கு இந்த இடம் வேண்டாம் பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நிஜமாகவே. யாரும் இறக்கவில்லை. அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். "உனக்கு இவ்வளவு வாய் எப்படிடி வந்தது?"

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவள் தலைமுறை பார்த்து வளர்ந்த சினிமா அப்படி. 1963-இல் வந்த 'அறிவாளி'யில் அடங்காத பானுமதியை சிவாஜி அடக்குவார். அது ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து வந்த கதை. 1972-இல் 'பட்டிக்காடா பட்டணமா'. பட்டணத்தில் படித்த ஜெயலலிதாவை சோழவந்தான் மண்ணுக்கு இழுத்து வழிக்குக் கொண்டுவருவார் அதே சிவாஜி. 20 வருஷம் கழித்து 1992-இல் 'மன்னன்'. கம்பெனியையே ஆண்ட விஜயசாந்தி, கடைசியில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியாகிவிடுவார். சிவாஜி போய் ரஜினி வந்தாலும் கதை அதேதான். வாயுள்ள பெண்ணை வாயில்லாதவளாக மாற்றுவதுதான் சுபம். கைதட்டிக்கொண்டே பார்த்தோம். நானும்தான் தட்டினேன்.

வாயில்லாதவளுக்கு வாய் வருகிற கதையை நான் முதலில் பார்த்தது 'மகளிர் மட்டும்' படத்தில். 1994. கமல்ஹாசன் தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்‌ஷன். அமெரிக்காவில் 1980-இல் வந்த 'நைன் டு ஃபைவ்' படத்தின் பாதிப்பு. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் ஜொள்ளு விடுகிற மேலதிகாரி நாசரை ஒரு வழி பண்ணுவார்கள். ஊர்வசிக்குப் படத்தில் ஜானகி என்று பெயர். வசனம் கிரேஸி மோகன் ஆயிற்றே! 2019-இல் அவர் மறைகிற வரை அவருடைய நாயகிகளுக்கு ஜானகி என்ற பெயர்தான் ராசி. மூன்று பேரில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஜானகியைத்தான். பயந்தாங்கொள்ளி. அவளுக்கே கோபம் வருகிறதென்றால் எனக்கும் ஒருநாள் வரும் என்று ஒரு நம்பிக்கை.

சிரித்துவிட்டு மறந்துவிடுகிற படம் என்றுதான் அப்போது நினைத்தேன். அது வந்தபோது ஆபீஸில் தொல்லை தருகிற அதிகாரியிடமிருந்து பெண்களைக் காப்பாற்றத் தனியாக ஒரு விதிமுறைகூட நாட்டில் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டின் விசாகா தீர்ப்பு மூன்று வருஷம் கழித்து, 1997-இல்தான் வந்தது. சட்டம் வர 2013 ஆயிற்று. நாம் தியேட்டரில் சிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டில் எத்தனை பேர் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்களோ! 'முடியாது' என்று சொல்லத் தைரியம் மட்டும் போதாது. சொன்ன மறுநாளும் வேலை இருக்க வேண்டும். அதை மறந்துவிட்டுத் தைரியத்தைப் பற்றி உபதேசம் செய்வது சுலபம். என் பாடு அவ்வளவு மோசமில்லை. தலைவலிக்காரருக்கு முடியாது என்று சொன்னால் வேலை போகாது. அதைக்கூடச் சொல்லாமல்தான் மூன்று வருஷம் ஓட்டியிருந்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். மூன்று 'முடியாது' ஆகிவிட்டது. லெட்டர் போடுகிறேன் என்று போன பிள்ளை வீட்டார் லெட்டர் போடவில்லை. போட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஒருநாள் அலமாரியிலிருந்த ஜாதகத்தை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். அட்ரஸ் இருந்தது. கச்சேரி ரோடு போஸ்ட் ஆபீஸில் ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன்.

'நீங்கள் லெட்டர் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். வரவில்லை. அதனால் நான் போடுகிறேன். எனக்கு ஃபில்டர் காபிதான் பிடிக்கும், டீ பிடிக்காது. பீச் பிடிக்கும். மலை ஏறினால் தலை சுற்றும். சண்டைப் படம் பிடிக்காது. உங்களைப் பிடித்திருக்கிறது. இது பரவாயில்லை இல்லை.'

பசை தடவி ஒட்டிப் பெட்டிக்குள் போட்டதும், கையை விட்டுத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. தபால் பெட்டியை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். புத்திசாலிகள்.

மூன்றாம் நாள் போன். அந்தச் சனிக்கிழமை லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சந்தித்தோம். துணைக்குத் தம்பி. அவனுக்கு ஒரு ஐஸ்கிரீம் லஞ்சம்.

"அன்னிக்கு மாடியில ஏன் உங்க முகம் வாடிப்போச்சு?" என்று கேட்டேன். இப்போது எனக்குக் கேள்வியெல்லாம் வந்தது.

அவர் கொஞ்ச நேரம் வாக்கிங் போகிற தாத்தாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, பிடிச்சிருக்கான்னு அப்பா கேட்டார். 'பரவாயில்லைப்பா'ன்னா. அப்பா அதைச் 'சரி'ன்னு எடுத்துண்டுட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பெட்டியோட திரும்பி வந்தா. இப்ப எங்காத்துலதான் இருக்கா. முதல் நாளே பிடிக்கலைன்னு அப்புறம்தான் சொன்னா. ஏன்டி அப்பவே சொல்லலைன்னு கேட்டா, 'எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தேளேடா'ங்கறா."

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தத் தடவை பழக்கதோஷத்தால் இல்லை.

அதுவரைக்கும் என் 'பரவாயில்லை'யை நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யார் மனசையும் நோகடிக்காத தங்கமான பெண். அது குணமில்லை, ஒருவகைப் பொய் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிடிக்காததைப் பிடித்த மாதிரி காட்டுகிற பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் ஓர் அப்பா கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணி வைத்தார். முடியாது என்று சொல்லத் தெரியாதவள் சொல்கிற 'சரி'யை யார்தான் நம்புவது?

அந்த ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு குடும்பமும் பாண்டிபஜார் பக்கம் படையெடுத்தது. கடைக்காரர் முப்பது புடவை பிரித்தார். பிடிக்கவில்லை என்றேன். இன்னும் இருபது. "அரக்கு கலர் இருந்தா காட்டுங்கோ, இல்லேன்னா அடுத்த கடைக்குப் போறோம்" என்றேன். என் வருங்கால மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாத்தனார், அந்த அக்காதான், என் கையை அழுத்தினாள்.

இதோடு சுபம் போட்டால் சினிமா. வாழ்க்கையில் அப்புறம்தான் தமாஷ். புதுசாக சைக்கிள் கற்றவன் தெருவையெல்லாம் சுற்றுகிற மாதிரி, எனக்கு ஒரு வருஷம் 'முடியாது' காய்ச்சல் அடித்தது. கீரைக்காரம்மாவிடம் முடியாது, நவராத்திரிக்குச் சுண்டல் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்ட மாமியிடம் முடியாது, ஜுரத்தில் கிடந்தபோது 'கொஞ்சம் கஞ்சி வெச்சுத் தரியா' என்ற நாத்தனாரிடம்கூட வாய் 'முடி...' வரைக்கும் போய்விட்டது. முடியாது என்பது வேலி மாதிரி. வீட்டைச் சுற்றித்தான் போட வேண்டும். வீட்டுக்குள்ளே போட்டால் நமக்கே நடக்க இடமிருக்காது. இது எனக்குப் புரியவே இன்னும் ஒரு வருஷம் ஆனது.

பெரிய தமாஷ் எது தெரியுமா? எனக்குப் பரீட்சை வைத்தாரே, அந்த மகானுபாவருக்கு அவர் அம்மா முன்னால் வாயே கிடையாது! நாலாவது தோசை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஐந்து சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஓம வாட்டர் தேடுவார். மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் 'பரவாயில்லை சார், வந்துடறேன்'. ஒருநாள் போனைப் பிடுங்கி, "இன்னிக்கு வர முடியாது சார், வீட்ல வேலை இருக்கு" என்று நானே சொன்னேன். வைத்ததும் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒண்ணு."

2012 அக்டோபரில் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' வந்தது. 15 வருஷ இடைவெளிக்குப் பிறகு ஸ்ரீதேவி. 1977-இல் '16 வயதினிலே'யில் மயிலாக வந்து அம்மாவின் தலைமுறையையே கட்டிப்போட்டவர். தமிழில் விமானத்தில் அஜித் வேறு வருகிறார் என்றார்கள். அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனோம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீதேவிக்கு ஷஷி என்று பெயர். லட்டு பிடித்து விற்கிற குடும்பத்தலைவி. ஆங்கிலம் தெரியாது. புருஷனும் மகளும் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள். அவள் 'பரவாயில்லை' என்று விழுங்கிக்கொள்வாள். நியூயார்க்கில் ஒரு காபிக்கடை. ஒரு காபி கேட்க வேண்டும். கவுண்டரில் நிற்கிற பெண் அதட்டுகிற அதட்டலில் ஷஷி நடுங்கிப்போய் வெளியே ஓடிவந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுவாள். அப்புறம் யாருக்கும் தெரியாமல் நாலு வார ஆங்கில வகுப்பில் சேர்வாள். அங்கே ஒரு பிரெஞ்சு சமையல்காரர் அவளைக் கண்டு உருகுவார். அவள் அவரோடு போய்விடவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கே திரும்புகிறாள். ஆனால் போன ஷஷியா திரும்பினாள்? படத்தின் டைரக்டர் கௌரி ஷிண்டேயின் அம்மா புனேயில் ஊறுகாய் வியாபாரம் செய்தவர். அவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. சின்ன வயசில் அதற்காக வெட்கப்பட்டதற்கு அம்மாவிடம் கேட்கிற மன்னிப்பாகத்தான் படத்தை எடுத்தேன் என்று மகள் சொல்லியிருக்கிறார்.

காபிக்கடைக் காட்சியில் அம்மா என் கையைப் பிடித்தாள். கெட்டியாக. படம் முடிகிற வரை விடவில்லை.

திரும்பும் வழியில், கபாலி கோயில் மாடவீதியில் காளத்தி கடை வாசலில் நின்றோம். அந்தக் கடை ரோஸ்மில்க் மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பாதி தீர்த்தம். அப்பா வழக்கம்போல, "உங்களுக்கெல்லாம் வாங்கிக்கோங்கோ. நானும் அவளும் ஆத்துக்குப் போய்க் காபி சாப்பிட்டுக்கறோம்" என்றார்.

"எனக்குக் காபி வேண்டாம்" என்றாள் அம்மா. "ரோஸ்மில்க்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "உனக்கு ரோஸ்மில்க் பிடிக்குமா?"

"ம்."

"சொல்லவே இல்லையே? 36 வருஷமா?"

"நீங்க கேட்கவே இல்லையே" என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பா கையிலிருந்த சில்லறையை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு இரண்டு வாங்கினார். அவருக்கும் ஒன்று.

மயிலாப்பூரின் ஸ்தல புராணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்பாள் மயிலாகி, புன்னை மரத்தடியில் தவம் செய்து, தன் உருவத்தைத் திரும்பப் பெற்ற இடம். எங்கம்மாவுக்கு ஒரு கிளாஸ் ரோஸ்மில்க் போதுமாக இருந்தது. அந்த மாடவீதி விளக்கில், உதட்டுக்கு மேல் இளஞ்சிவப்பு மீசையோடு நின்ற அம்மாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எனக்கு வாய் வந்தபோது இரண்டு நாள் ஏன் பேசாமல் இருந்தாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அது கோபம் இல்லை. பொறாமையாகக்கூட இருக்கலாம். தப்பே இல்லை.

2015-இல் ஜோதிகா '36 வயதினிலே'யில் திரும்பி வந்தபோது, என்னைக் கேட்காமலே அம்மா டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். எந்த ஷோ, எந்த வரிசை என்பது உட்பட. அதில் ஒரு வருவாய்த்துறை கிளார்க், மொட்டை மாடியில் காய்கறி போட்டுத் தன்னைக் கண்டுபிடித்துக்கொள்வாள். மறுவாரம் எங்கள் வீட்டு மாடியிலும் நாலு கத்தரிச்செடி. வடாத்துக்கு இடம் குறைந்துவிட்டது என்று அப்பா முணுமுணுத்தார். "பரவாயில்லை" என்றாள் அம்மா. அந்த வார்த்தையை அப்படியும் சொல்லலாம் போல!

இப்போது என் மகள் காலேஜில் படிக்கிறாள். அவளுக்கு 'முடியாது' என்பது மூச்சு விடுகிற மாதிரி வருகிறது. இந்தக் கதையைச் சொன்னால், "வெறும் 'முடியாது'ன்னு சொல்றதுக்கு இவ்வளவு பில்டப்பா அம்மா?" என்கிறாள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவளுக்கு இது ஒரு கதையாகவே தோன்றக்கூடாது என்றுதானே இத்தனையும்?

போன வாரம் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனோம். மசால் தோசை கேட்டேன். ஊத்தப்பம் வந்தது. கூப்பிட்டேன். "நான் கேட்டது மசால் தோசை. மாத்திக் கொண்டுவாங்கோ" என்றேன். சர்வர் தலையைச் சொறிந்தார்.

"மசால் தீர்ந்துடுச்சும்மா. சொல்ல மறந்துட்டேன்."

"பரவாயில்லை, இருக்கட்டும்" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நிஜமாகவே பரவாயில்லைதான். வெங்காய ஊத்தப்பம், முறுகலாக இருந்தது.